சோழிக் கணக்கும் வானத்து நிலவும்

2019ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் நிகழ்ந்த சூரிய கிரகணத்தை நம்மில் பலர் மறந்திருக்கமாட்டோம். அன்று நிலவின் நிழல் அரபு நாட்டிலே தொடங்கி, கோவை, திண்டுக்கல், திருச்சிப் பகுதிகளைத் தொட்டு, யாழ்ப்பாணத்தைக் கடந்து, சுமத்திராவின் மேலாக வந்து, ஜொகூரின் தென்கோடியாகிய தஞ்சோங் பியாயிலும் சிங்கப்பூரிலும் சூரியனைப் பொன் வளையமாகக் காட்டிற்று. தமிழர் வாழும் நிலங்கள் பலவற்றை ஒரே நிழல் ஒரே நாளில் வரிசையாகத் தொட்டுச் சென்றது.

எங்கள் ஜெஞ்சாரோமில் முழு வளையம் தெரியவில்லை. ஆயினும், பிற்பகல் ஒரு மணிக்குப் பின்னர் கதிரவனின் பெரும்பகுதி மறைந்தது; வெயில் மங்கிற்று; பள்ளி மாமரத்தடியில் இலைகளின் இடைவெளி வழியே விழும் ஒளிப் பொட்டுகள் யாவும் பிறைகளாயின. விடுமுறை நாளாயினும் தோட்டத்துப் பிள்ளைகள் சிலர் திடலில் கூடியிருந்தனர். அவர்களுள் ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி என்னைக் கேட்டாள்: "ஐயா, இத்தனை மணிக்குக் கிரகணம் வரும் என்று பேப்பரில் முன்னமே போட்டிருந்தார்களே, கணக்குச் சொன்னபடி நிலா நடக்கிறதா, நிலா நடக்கிறபடி கணக்குப் போட்டார்களா?"

சிறுமியின் வினாதான், ஆயின் அறிஞர் பலரை ஆட்டிவைத்த வினா. கணிதம் உலகப் பொருள்களைச் சார்ந்து நிற்பதா, அன்றி உலகப் பொருள்களை ஆராயும் பௌதிகம் கணிதத்தைச் சார்ந்து நிற்பதா? இயற்கை என்னும் நூல் கணித மொழியில் எழுதப்பட்டுள்ளது என்னும் கருத்தை 1623இல் கலிலியோ வெளியிட்டார். கணிதம் இயற்கையோடு இத்துணைப் பொருந்துவது விளங்காத வியப்பே என 1960இல் பௌதிக அறிஞர் யூஜின் விக்னர் எழுதினார். இவ்வினாவுக்கு விடை காண நாம் ஐரோப்பாவுக்கே செல்லவேண்டும் என்பதில்லை. தமிழ் மண்ணிலே, மணல் பரப்பிய தரையில், சோழிகளை வைத்துக் கிரகணம் கணித்த நம் முன்னோரின் வரலாற்றிலேயே இவ்வினா முழு உருவில் நிற்கின்றது. அதனை ஈண்டுக் காண்போம்.

அளவையிற் பிறந்த எண்

முதலில் நம் மொழியையே கேட்போம். தமிழில் பின்னங்களுக்கு வழங்கிய பெயர்களைப் பாருங்கள். இருபதில் ஒரு பங்கு மா. எண்பதில் ஒரு பங்கு காணி. முந்நூற்றிருபதில் ஒரு பங்கு முந்திரி. மாவும் காணியும் நில அளவைப் பெயர்களுமாகும். உழவன் காலடியில் கிடந்த நிலத்திலிருந்து கணக்கன் பின்னத்தின் பெயரைப் பெற்றான் என்பது இதனாற் புலப்படும். எண் பொருளிலிருந்து பிறந்தது என்பார்க்கு இஃதொரு நல்ல சான்று.

ஆயின் நம் முன்னோர் முந்திரியோடு நிற்கவில்லை. முந்திரியின் முந்நூற்றிருபதில் ஒரு பங்கைக் கீழ்முந்திரி என்றனர். அஃதாவது 1,02,400இல் ஒரு பங்கு. எந்த நிலத்தை, எந்த நெற்குவியலை இத்துணை நுணுக்கமாக அளந்தார்கள்? அளக்கும் தேவை முடிந்த இடத்திலும் எண் நிற்கவில்லை. தன் வழியே நடந்து சென்றது. பிறந்த வீடு வயல்தான். ஆனால் வளர்ந்தபின் வயலைக் கேட்டு அது நடக்கவில்லை. இந்த இரு தன்மையையும் நினைவில் வைத்துக்கொண்டு வான நூலுக்கு வருவோம்.

புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சுக்காரர்

வெள்ளிக் கோள் சூரியனின் முகத்தைக் குறுக்கே கடந்து செல்லும் அரிய காட்சியைக் காண, பிரெஞ்சு வானூலார் லெ ழாந்தீல் 1760இல் தம் நாட்டைவிட்டுப் புறப்பட்டார். புதுச்சேரியிலிருந்து பார்க்க வேண்டும் என்பது திட்டம். அவர் வந்து சேருமுன், 1761 சனவரியில் ஆங்கிலேயர் புதுச்சேரியைக் கைப்பற்றிவிட்டனர். சூன் 6ஆம் நாள் வெள்ளி சூரியனைக் கடந்தபோது அவர் நடுக்கடலில், ஆடும் கப்பலில் இருந்தார். கண்ட காட்சி கணக்குக்கு உதவவில்லை. அடுத்த கடப்பு 1769 சூன் மாதத்தில். எட்டாண்டு பொறுத்து, பிரெஞ்சுக்காரர்க்கு மீண்டுவந்த புதுச்சேரியிலே கருவிகளோடு காத்திருந்தார். உரிய நேரத்தில் மேகம் சூழ்ந்துகொண்டது! ஊர் திரும்பியபோது, அவர் இறந்துவிட்டார் என்று எண்ணி உறவினர் சொத்தைப் பங்கிட முனைந்திருந்தனர் என்பர்.

இத்துணைத் துன்பத்துக்கிடையே அவர் பெற்ற செல்வம் ஒன்றுண்டு. புதுச்சேரியில் தங்கியிருந்த காலத்தில், தமிழ்க் கணிதர்கள் கிரகணம் கணிக்கும் முறையை அவர் கேட்டுக் கற்றார். எழுதுகோலில்லை, ஏடு புரட்டலில்லை. சோழிகளைத் தரையில் வைத்தும் எடுத்தும், மனப்பாடமாக இருந்த வாய்பாடுகளை முணுமுணுத்தும் முக்கால் மணி நேரத்திற்குள் ஒரு கிரகணத்தைக் கணித்துவிடுவதைக் கண்டு வியந்தார். 1765 ஆகஸ்டு 30ஆம் நாள் நிகழ்ந்த சந்திர கிரகணத்தின் மொத்தக் கால அளவு, தமிழர் முறைப்படி 41 விநாடி குறைவாக வந்தது. அக்காலத்து ஐரோப்பாவில் புகழ்பெற்ற தோபியாஸ் மாயரின் அட்டவணைப்படி 68 விநாடி மிகுதியாக வந்தது.

இந்த 41 விநாடி நம் மேடைகளில் அடிக்கடி முழங்கக் கேட்கிறோம். பெருமைப்படத்தக்கதே, மறுப்பாரில்லை. எனினும், முழு வரலாற்றையும் கேட்டபின்னரே தீர்ப்புக் கூறுதல் அறிஞர்க்கு அழகு. அதற்குமுன், அக்கணிதர் முணுமுணுத்தது என்ன என்று அறிதல் வேண்டும்.

தேவரம் என்னும் எண்

தேவாரம் அன்று, தேவரம். இஃதொரு எண்ணின் பெயர். வடமொழி எழுத்துகளுக்கு எண் மதிப்புக் கொடுத்து, சொல்லை எண்ணாகப் படிக்கும் முறைக்குக் கடபயாதி என்று பெயர். அம்முறைப்படி தகர வருக்கத்தின் மூன்றாம் எழுத்துக்கு 8, வகரத்துக்கு 4, ரகரத்துக்கு 2. வலமிருந்து இடமாக வைத்தால் தேவரம் 248 ஆகும். இவ்வாறே காலானிலம் என்பது 3031. ரசகைரிகம் என்பது 12,372.

இவ்வெண்கள் எங்கிருந்து வந்தன? நிலவு பூமியைச் சுற்றும் பாதை முழுவட்டமன்று. சில நாள் அருகே வந்து விரைந்து நடக்கும். சில நாள் தொலைவே சென்று மெல்ல நடக்கும். மிகத் தொலைவான நிலையிலிருந்து மீண்டும் அந்நிலைக்கு வர ஏறத்தாழ 27.5546 நாள் செல்லும். இது முழு எண்ணன்று. ஆகையால் மனக்கணக்குக்கு ஒத்துவராது. ஆனால் இத்தகைய சுற்று ஒன்பது சேர்ந்தால் 248 நாளுக்கு மிக நெருங்கி வரும். மிஞ்சுவது 13 நிமிட அளவே. நூற்றுப்பத்துச் சுற்றுச் சேர்ந்தால் 3031 நாள். வேறுபாடு ஒரு நிமிடத்திற்கும் குறைவு. நானூற்று நாற்பத்தொன்பது சுற்றுச் சேர்ந்தால் 12,372 நாள்.

ஆகவே, 248 நாளுக்கும் நாளுக்கொரு வாக்கியமாக 248 வாக்கியங்களை யாத்து வைத்தனர். ஒவ்வொரு வாக்கியமும் அந்நாளில் நிலவு எத்துணைப் பாகை நகர்ந்திருக்கும் என்பதை மறைத்துக் கூறும். இவ்வாக்கியங்களை வரருசி இயற்றினார் என்பது மரபு. இவற்றை அடிப்படையாகக் கொண்டு கி.பி. 1300ஐ ஒட்டித் தமிழகத்தில் எழுந்த நூல் வாக்கிய கரணம். சென்னையில் 1962ஆம் ஆண்டு டி. எஸ். குப்பண்ண சாஸ்திரியாரும் கே. வி. சர்மாவும் அதனைப் பதிப்பித்தனர். நம் வாக்கியப் பஞ்சாங்கத்தின் பெயருக்கு வேர் இவ்வாக்கியங்களே.

கணிக்கும் முறையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவேன். கலியுகத் தொடக்கத்திலிருந்து 16,00,984ஆம் நாள், அஃதாவது கி.பி. 1282ஐச் சேர்ந்த ஒரு நாளின் விடியல், தொடக்கமாக வைக்கப்பட்டது. அன்று நிலவு மிகத் தொலைவான நிலையில் இருந்ததாகக் கொள்வர். அதன்பின் 20,000 நாள் சென்றதாக வைத்துக்கொள்வோம். 20,000இல் 12,372 ஒருமுறை அடங்கும், மிச்சம் 7,628. அதில் 3,031 இருமுறை, மிச்சம் 1,566. அதில் 248 ஆறுமுறை, மிச்சம் 78. ஆகவே எழுபத்தெட்டாம் வாக்கியத்தைச் சொல்லவேண்டும். கழித்த ஒவ்வொரு கட்டுக்கும் உரிய பாகையையும் கூட்டிக்கொள்ளவேண்டும். ஒரு தேவரத்துக்கு, முழுச் சுற்றுகள் போக, 27 பாகை 44 கலை. அவ்வளவே. நிலவின் இருப்பிடம் கிடைத்துவிடும்.

இங்கேதான் நம் வினாவின் உயிர்நிலை இருக்கிறது. பொறுமையோடு கவனிக்க வேண்டுகிறேன். 3,031ஐ நான்கால் பெருக்கி 248ஐக் கூட்டுங்கள், 12,372 வரும். 110ஐ நான்கால் பெருக்கி 9ஐக் கூட்டுங்கள், 449 வரும். இவ்விரண்டும் கணித உண்மைகள். வானத்தில் நிலவே இல்லாதிருப்பினும் இவை மாறா. ஆனால், "449 சுற்றுக்கு 12,372 நாள்" என்பது கணித உண்மையன்று. நிலவைப் பற்றிய செய்தி. நிலவு சற்றே விரைந்து சென்றிருப்பின் தேவரம் 248ஆக இராது. 247ஆகவோ 251ஆகவோ இருந்திருக்கும். அதனைத் தாளில் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க இயலாது. பல தலைமுறை இரவில் விழித்திருந்து வானத்தைப் பார்த்துத்தான் அறியவேண்டும்.

ஆக, ஒரே கணக்கில் இருவகை உண்மைகள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று பொருளைச் சாராதது. மற்றொன்று முற்றிலும் பொருளைச் சார்ந்தது. தரையில் சோழி வைத்தவர்க்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றியிருக்கும். இரண்டும் மனப்பாடமாகவே வந்தன அல்லவா?

1825ஆம் ஆண்டின் சோதனை

அரை நூற்றாண்டு கழிந்தது. சென்னை வானாய்வகத்தின் பொறுப்பில் சில ஆண்டுகள் இருந்த ஜான் வாரன் என்பார், தென்னாட்டுக் காலக்கணிதங்களை ஆராய்ந்து, 'கால சங்கலித' என்னும் பெருநூலை 1825இல் சென்னையில் வெளியிட்டார். புதுச்சேரியில் வாழ்ந்த பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் அவர்க்கு ஒரு கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். 1825 மே 31க்கும் சூன் 1க்கும் இடைப்பட்ட இரவில் நிகழ்ந்த சந்திர கிரகணம் அது.

அக்கணிதர்க்கு வானநூற் கோட்பாடு ஒன்றும் தெரியாது என வாரன் குறித்துள்ளார். நிலவு ஏன் மறைகிறது, இவ்வெண்ணை ஏன் வகுக்கிறோம், அதனை ஏன் கூட்டுகிறோம் என்பதொன்றும் அவரறியார். ஆனால் நினைவாற்றல் அளவிறந்தது. செய்முறை வரிசை முழுவதும் மனத்திலும் தரையிலும் தெளிவாக அமைந்திருந்தது. சோழிகள் இடம் மாறின, விடை வந்தது.

அவ்விடை எவ்வளவு சரியாயிருந்தது? கிரகணத் தொடக்கத்தில் பிழை 4 நிமிடம். நடுவில் 23 நிமிடம். முடிவில் 52 நிமிடம். தொடக்கத்தின் பிழை ஒரு திசையிலும் மற்றவை எதிர்த்திசையிலும் இருந்தமையால், மொத்தக் கால அளவில் 56 நிமிட வேறுபாடு உண்டாயிற்று.

41 விநாடியை முழங்குவோர் இந்த 52 நிமிடத்தைக் கூறுவதில்லை. 52 நிமிடத்தைக் காட்டி ஏளனம் செய்வோரும் உளர். அவர் 41 விநாடியைக் கூறுவதில்லை. இரண்டும் ஒரே மரபின் வரலாறே. ஒரு கிரகணத்தின் கால அளவு சரியாக வந்தது என்பதால் எல்லாக் கிரகணமும் சரியாக வரும் என்பதில்லை. அங்ஙனமே, ஒரு கிரகணத்தின் பிழையால் மரபு முழுதும் பொய் என்பதுமில்லை. நிலவு ஒரு மணி நேரத்தில் விண்மீன்களுக்கிடையே ஏறத்தாழ அரைப் பாகைதான் நகர்கின்றது. ஆகவே 52 நிமிடப் பிழை என்பது வானத்தில் அரைப் பாகைக்கும் உட்பட்டது. ஐந்நூறு ஆண்டுக்கு முன் வகுத்த எண்களைக் கொண்டு, தொலைநோக்கி ஏதுமின்றி, பொருளறியாத ஒருவர் சோழியால் கணித்தது இவ்வளவு நெருங்கிற்று என்பது சிறிய செயலன்று.

இப்போது கேட்போம்: பிழை யாருடையது? வகுத்தலில் பிழையில்லை, கூட்டலில் பிழையில்லை. நிலவு பிழை செய்ததா எனில், நிலவுக்குப் பிழையே இல்லை. கணக்குக்கும் வானத்துக்கும் இடையே முன்னொரு காலத்தில் எழுதிய உடன்படிக்கை பழையதாகிவிட்டது. ஒவ்வொரு சுற்றிலும் விடப்பட்ட சிறு துளி வேறுபாடு, நூற்றாண்டு தோறும் சேர்ந்து பெருகியது. நிலவின் நடையில் உள்ள வேறு சில நுண்ணிய ஏறுமாறுகளை வாக்கியங்கள் கணக்கில் எடுக்கவுமில்லை.

இம்மரபின் தொன்மையை உலகுக்கு எடுத்துக்காட்டியவர், பழங்காலக் கணித வரலாற்றில் பேரறிஞரான ஆட்டோ நாய்கபவர். 1952இல் அவர் எழுதிய 'தமிழ் வானியல்' என்னும் ஆங்கிலக் கட்டுரையில், புதுச்சேரிச் சோழிக் கணக்கின் எண்முறை, இரண்டாயிரம் ஆண்டுக்கு முற்பட்ட பாபிலோனியக் களிமண் பலகைகளிற் காணும் எண்முறையின் வழிவந்தது என்று காட்டினார். 248 நாளுக்கு 9 சுற்று என்னும் கணக்கு அங்கும் உண்டு. எண்ணுக்கு நாடில்லை, மொழியில்லை. கைமாறிக் கைமாறி வந்து தமிழ்க் கணிதரின் நாவிலே குடிகொண்டது. இதனால் நம் பெருமை குறைந்துவிடாது. மற்றெங்கும் மறைந்துபோன ஒன்றைத் தமிழர் உயிரோடு காத்தனர் என்பதே உண்மை.

வானத்தை மீண்டும் கேட்டவர்கள்

காத்தது ஒரு சிறப்பு. திருத்தியது அதனினும் பெரிய சிறப்பு. திருத்தியவர்கள் தொலைவில் இல்லை. மலைக்கு அப்பால் கேரளத்தில் இருந்தனர். பதினான்காம் நூற்றாண்டில் தோன்றிய சங்கமகிராமத்து மாதவர், நிலவின் வாக்கியங்களை விகலை வரை நுணுக்கிப் புதுக்கினார். அவர் வழிவந்த பரமேசுவரர் ஐம்பதாண்டுக்கு மேலாகக் கிரகணங்களை நேரிற் கண்டு, 1431இல் 'திருக்கணிதம்' என்னும் நூலைச் செய்தார். திருக் என்பது இங்கே திருவன்று. பார்வை என்னும் பொருள்தரும் வடசொல். கண்ணாற் கண்டதோடு ஒத்துவரும் கணிதம் என்பதே அதன் பொருள்.

நீலகண்ட சோமயாஜி இன்னும் ஒருபடி மேலே சென்றார். 1500ஐ ஒட்டித் 'தந்திர சங்கிரகம்' இயற்றிய அவர், பின்னர் 'ஜோதிர் மீமாம்சை' என்னும் நூலில், முன்னோர் நூலானாலும் வானத்தோடு ஒத்துப் பார்த்து, ஒவ்வாதவிடத்துத் திருத்துவதே முறை என வாதாடினார். வாக்கிய கரணத்துக்கு உரைகண்ட தமிழ்நாட்டுச் சுந்தரராஜர், தம் ஐயங்களை நீலகண்டரிடம் கேட்டு விடை பெற்றார் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. மலை அவர்களுக்குத் தடையாகவில்லை.

இதே மாதவர் மரபில் கணிதத்தின் மறுபக்கமும் ஒளிவிட்டது. கோள்களின் இடத்தை நுட்பமாகக் கணிக்க வட்டத்தின் நாண்களை நுட்பமாக அறியவேண்டியிருந்தது. அத்தேவையிலிருந்து புறப்பட்டு, ஒன்றில் மூன்றிலொன்றைக் கழித்து, ஐந்திலொன்றைக் கூட்டி, ஏழிலொன்றைக் கழித்து, இவ்வாறே முடிவின்றிச் சென்றால் வட்டச் சுற்றுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதத்தின் நான்கிலொரு பங்கு கிடைக்கும் என்று கண்டனர். ஐரோப்பாவில் இவ்வுண்மை பதினேழாம் நூற்றாண்டில்தான் வெளிவந்தது. இத்தொடரில் நிலவில்லை, கிரகணமில்லை. முடிவற்ற தொடரை முற்றாக எழுதக் காகிதமும் இல்லை. ஆயினும் உண்மை. நிலவைத் தேடிப் போனவர்கள் நிலவைச் சாராத உண்மையோடு திரும்பி வந்தனர். கீழ்முந்திரியிற் கண்ட தன்மையே இங்கும் காண்கிறோம்.

இராகு எங்கே இருக்கிறான்?

கிரகணம் என்றவுடன் இராகு கேதுவை நினைப்பது நம் வழக்கம். கி.பி. 499இல் ஆரியபடர், நிலவையும் பூமியையும் சார்ந்த நிழலே கிரகணத்துக்குக் காரணம் என்று எழுதிவிட்டார். பின் இராகு என்ன ஆனான்? கணிதர்கள் அவனைத் தள்ளிவிடவில்லை. வேறு வேலை கொடுத்தனர். சூரியன் செல்வதாகத் தோன்றும் வழியும் நிலவின் வழியும் ஒன்றையொன்று வெட்டும் இரு புள்ளிகளுக்கு இராகு, கேது என்று பெயரிட்டனர். அப்புள்ளிகள் பின்னோக்கி நகர்ந்து ஏறத்தாழ 18.6 ஆண்டில் ஒரு சுற்றை முடிக்கின்றன.

அப்புள்ளியில் கல்லில்லை, மண்ணில்லை, ஒளியில்லை. அது வெறும் கணிதப் பொருள். ஆயினும் அமாவாசையோ பௌர்ணமியோ அப்புள்ளிக்கு அருகில் நேர்ந்தாலன்றிக் கிரகணம் இல்லை. பௌதிக நிகழ்ச்சி ஒன்று, உருவில்லாத ஒரு கணிதப் புள்ளியைக் கொண்டே விளக்கம் பெறுகின்றது. பௌதிகம் கணிதத்தைச் சார்ந்தது என்பார்க்கு இதைவிட நல்ல சான்று வேண்டுவதில்லை. ஆனால் அப்புள்ளி இன்று எங்கே உள்ளது என்பதை மட்டும் கணிதம் தானே கூறாது. கண்டவர் ஒருவர் கூறவேண்டும்.

கணக்கு அறியாத மஞ்சள் கோடு

1868 ஆகஸ்டு 18ஆம் நாள் முழுச் சூரிய கிரகணம் ஒன்று இந்தியாவின் குறுக்கே சென்று, வங்கக் கடலைக் கடந்து, நம் தீபகற்பத்தின் வடபகுதியாகிய சயாமின் மீதும் விழுந்தது. சயாமிய மன்னர் மங்குட், அந்நிழல் கடலோரத்து வா கோ என்னும் இடத்தில் விழும் என்று தாமே முன்கூட்டிக் கணித்தார்; நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநர் சர் ஹாரி ஆர்டையும் விருந்தினராக அழைத்தார். கணக்குப் பலித்தது. ஆனால் அச்சதுப்பு நிலத்துக் காய்ச்சல் கணக்கில் வரவில்லை; அதே ஆண்டு அக்டோபர் முதல் நாள் மன்னர் காலமானார்.

அதே கிரகணத்தைக் காண, சென்னை வானாய்வகத்தைச் சேர்ந்த சிந்தாமணி இரகுநாதாச்சாரியார் வனபர்த்தி என்னும் ஊருக்குக் குழுவோடு சென்றார். அதற்கு முந்திய ஆண்டு, ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தவர் அவர். நம் பஞ்சாங்கத்தை வானாய்வோடு ஒத்துத் திருத்தவேண்டும் என்று முயன்று, திருக்கணிதப் பஞ்சாங்கம் வெளியிட்ட முன்னோடியும் அவரே. 1874இல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது, அதனைப் பொதுமக்களுக்கு விளக்கும் சிறு நூலை நாட்டு மொழிகளிலும் வெளியிட்டார். 1880இல் மறைந்தார்.

அந்த 1868ஆம் ஆண்டுக் கிரகணம் எந்நேரம் தொடங்கும், எங்கே விழும் என்பதை எல்லாம் கணக்கு முன்னமே கூறிவிட்டது. ஆனால் சூரியனின் விளிம்பொளியை நிறமாலைக் கருவியாற் பார்த்தவர்கள் அதில் ஒரு மஞ்சள் கோட்டைக் கண்டனர். பூமியில் அதுவரை அறியப்படாத ஈலியம் என்னும் தனிமத்தின் அடையாளம் அது எனப் பின்னர்த் தெளிவாயிற்று. 1895இல்தான் பூமியில் அது கைக்கு அகப்பட்டது. அந்த மஞ்சள் கோடு எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லை. எந்தச் சோழியும் அதனைக் கூறியிருக்க முடியாது. கணக்கு நம்மை உரிய இடத்தில், உரிய நேரத்தில் நிறுத்தியது. கண்டது கண்ணே.

மேலைநாட்டிலும் இதே பாடம் நிகழ்ந்தது. யுரேனசின் நடை பிசகியதைக் கொண்டு, காணாத கோள் ஒன்று இன்ன இடத்தில் இருக்கும் என்று லெ வெரியே தாளிற் கணித்தார். 1846இல் பெர்லினில் தேடியபோது நெப்டியூன் ஒரு பாகைக்குள் அகப்பட்டது. அதே அறிஞர், புதனின் நடை பிசகியதைக் கொண்டு, 1859இல் மற்றொரு கோளை எதிர்பார்த்தார். அதற்கு வல்கன் என்று பெயரும் இட்டனர். கோள்தான் கிடைக்கவில்லை. நூற்றாண்டுக்கு 43 விகலையே ஆன அப்பிசகை விளக்க, 1915இல் ஐன்ஸ்டைன் புதிய ஈர்ப்புக் கொள்கை காணவேண்டியிருந்தது. அதற்கு வேண்டிய வடிவக் கணிதத்தை ரீமான் 1854இலேயே, புதனை நினையாமலே, வகுத்து வைத்திருந்தார். ஒரே ஆள், ஒரே முறை. வானம் ஒருமுறை ஆம் என்றது, ஒருமுறை இல்லை என்றது. அந்த ஆமையும் இல்லையையும் கூறும் உரிமை கணிதத்துக்கு இல்லை.

இரண்டு பஞ்சாங்கங்கள்

பழங்கதைபோல் இதனை எண்ணவேண்டா. 2023ஆம் ஆண்டில் சனிப் பெயர்ச்சி எப்போது என்று நம் வீடுகளில் எழுந்த குழப்பத்தை நினைத்துப் பாருங்கள். திருக்கணிதப்படி சனவரி 17. வாக்கியப்படி டிசம்பர் 20. இரண்டுக்கும் இடையே பதினொரு மாதம்! திருநள்ளாற்றில் வாக்கிய மரபுப்படி டிசம்பரில் விழா நடந்தது. ஆலயம் தன் மரபின்படி விழா எடுப்பதிற் குறை காண்பது என் நோக்கமன்று. வழிபாட்டுக்கு உரிய நாளை வகுத்தல் ஆலயத்தின் உரிமை. ஆனால், "இரண்டும் கணக்குத்தானே, எது சரி?" என்று மாணவன் கேட்டால் ஆசிரியர் விடை கூறக் கடமைப்பட்டவர்.

விடையை மூன்றாகப் பிரித்துக் கூறலாம். வகுத்தல் பெருக்கலைப் பொறுத்தவரை இரண்டும் சரியே. இராசியின் எல்லை இன்ன விண்மீனருகே தொடங்கும் என்பது மனிதர் வகுத்துக்கொண்ட வரம்பு. அதில் கருத்து வேற்றுமை இருக்கலாம். ஆனால் இன்றிரவு சனி எந்த விண்மீனுக்கு அருகில் நிற்கிறது என்பது மனிதர் வகுத்ததன்று. சனி வெறுங்கண்ணுக்குத் தெரியும் கோள். ஒரு பாகை நகர அதற்குச் சராசரியாக ஒரு மாதம் செல்லும். எனவே பழைய எண்களிற் சேர்ந்துவந்த சில பாகைப் பிழை, நாட்காட்டியில் மாதங்களாக விரிந்துவிடுகிறது. ஐயமுள்ளவர் மேகமற்ற இரவில் செம்பனைக் காட்டின் விளிம்பில் நின்று மேலே பார்க்கலாம். நீலகண்டர் கூறியது அதுவே; இரகுநாதாச்சாரியார் செய்ததும் அதுவே. மேகநாத சாகா தலைமையில் 1952இல் அமைந்த இந்திய நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவும் 1955இல் தந்த அறிக்கையில் இவ்வழியையே வற்புறுத்தியது.

இக்காலத்து விஞ்ஞானமும் இதற்கு விலக்கன்று. கிரகண நேரத்தை இன்று விநாடிக் கணக்கிற் கூறுகின்றனர். ஆயினும் நிலவு ஆண்டுக்கு ஏறத்தாழ 3.8 சென்டிமீட்டர் பூமியைவிட்டு விலகிச் செல்கிறது. 1969 முதல் நிலவில் வைத்த கண்ணாடிகளை நோக்கி ஒளிக்கற்றை அனுப்பி இதனை அளந்தறிந்துள்ளனர். பூமியின் சுழற்சியும் சீரானதன்று. அதனை ஈடுசெய்யவே 1972 முதல் அவ்வப்போது கடிகாரத்தில் ஒரு விநாடி சேர்த்தனர். இன்றைய எண்களும் ஒருவகையிற் தேவரமே. வானத்தை மீண்டும் மீண்டும் கேட்டால்தான் அவை நிலைக்கும்.

ஆகவே என் கருத்து இது. கணிதம் பொருளிலிருந்து பிறக்கலாம். பெரும்பாலும் அங்ஙனமே பிறந்தது. பிறந்தபின் தன் உண்மைக்கு அது பொருளை நாடுவதில்லை. பௌதிகம் பேசுவதற்குக் கணிதத்தை நாடுகின்றது. ஆனால் தான் பேசுவது மெய்யா என்பதற்கு வானத்தையே நாடவேண்டும். முன்னதை மறந்தவர் எண்ணின் ஆற்றலை அறியார். பின்னதை மறந்தவர், 52 நிமிடம் பிந்தினாலும் சோழியே சரி என்று வாதாடுவார்.

தமிழாசிரியப் பெருமக்களுக்கு ஒன்று விண்ணப்பித்து முடிக்கிறேன். நாமும் பிள்ளைகளுக்கு வாய்பாட்டை மனப்பாடம் செய்விக்கிறோம். அதில் தவறில்லை, மனப்பாடம் இல்லாதிருப்பின் தேவரம் நம் காலம் வரை வந்திராது. ஆயின் புதுச்சேரிக் கணிதரின் நிலையை நினைக்கும்போது என் நெஞ்சு கனக்கின்றது. அத்துணை நினைவாற்றல் படைத்த ஒருவர்க்கு, "இவ்வெண் ஏன்?" என்பதை யாரும் கற்பிக்கவில்லை. கற்பித்திருந்தால், பிழையைக் கண்டதும் திருத்தும் ஆற்றல் அவர்க்கே வந்திருக்குமன்றோ? அடுத்த சந்திர கிரகணத்தன்று பிள்ளைகளிடம் ஒரு கடிகாரமும் ஒரு தாளும் கொடுங்கள். நாளேட்டில் வந்த நேரத்தை ஒருபுறம் எழுதட்டும். தாம் கண்ட நேரத்தை மறுபுறம் எழுதட்டும்.

அன்று மாமரத்தடியில் நின்ற மாணவிக்கு நான் கூறிய விடையும் இதுதான்: "நிலா நடந்தபடிதான் கணக்குப் போட்டார்கள், அம்மா. ஆனால் போட்ட கணக்கு, நிலா இனி நடக்கப்போகும் வழியையும் காட்டுகிறது. காட்டியபடி நடந்ததா என்று பார்ப்பது உன் வேலை." அவள் தலையசைத்துவிட்டு, தரையில் விழுந்த பிறைகளை எண்ணத் தொடங்கினாள்.